காப்பவன் பாதம்

கோயிலை எடுப்பித்தவனுக்குப் புண்ணியம் அதிகமா, இடிந்ததைத் திரும்ப எடுத்துக் கட்டியவனுக்கா? நார்த்தாமலையில் மேலமலை ஏறி விஜயாலய சோழீச்சரத்தின் முன் நிற்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் எழும். அங்கே வாயிற்காவலர் சிலையின் அடியில் சின்னதாக ஒரு கல்வெட்டு. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்து அழிந்தது, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான். செய்தி அவ்வளவுதான். கட்டியவன், காத்தவன் இரண்டு பேருக்கும் ஒரே கல்வெட்டில் இடம். கோயிலுக்கு நிலைத்த பெயர் என்னவோ சோழ மன்னனுடையது. ஆனாலும் முதலில் செலவு செய்தவர் சாத்தன் பூதி என்பதை அந்தக் கல் மறைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளை இங்கே அழைத்து வந்து வெறும் பாறையில் உட்கார வைத்து வரையச் சொல்வேன். விமானத்தின் கீழ்த்தளங்கள் சதுரம், உச்சி வட்டம். உள்ளே போனால் சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை. சதுரம் எந்த இடத்தில் வட்டமாகிறது என்று பிடிக்க முடியாமல் பிள்ளைகள் அழித்து அழித்து வரைவார்கள். 9ஆம் நூற்றாண்டுத் தச்சன் கல்லில் சாதித்ததை 21ஆம் நூற்றாண்டுப் பென்சில் எட்டிப் பிடிக்கத் திணறும். இந்தக் கட்டடத்துக்கு யார் திட்டம் போட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கல்வெட்டைக் காட்டுவேன்.

பக்கத்திலேயே பழியிலி ஈச்சரம் என்ற குடைவரைக் கோயில். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதன் கணக்கைச் சொல்கிறது. பாறையைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி. அவன் மகள் பழியிலி சிறியநங்கை பின்னால் முகமண்டபம் எடுத்தாள், நந்தி வைத்தாள், பலிபீடம் அமைத்தாள். அதோடு நிற்காமல் நிலமும் எழுதிவைத்தாள். எனக்கு இதில் முக்கியமானது அந்த நிலம்தான். மண்டபம் ஒரு நாள் செலவு. நிலம் விளைகிற வரைக்கும் விளக்கு எரியும், வாசல் கூட்டப்படும். அப்பன் தொடங்கியதற்கு மகள் தொடர்ச்சி கொடுத்திருக்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நகராட்சி, ரவுண்டானாவில் சிற்பம் வைப்பதற்காக அமைத்த குழுவில் என்னையும் சேர்த்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். எஸ்டிமேட் மேசைக்கு வந்தது. பீடம், ஃபைபர் சிற்பம், நீரூற்று, ஃபோகஸ் லைட், சுற்றிலும் கிரில், திறப்பு விழாப் பந்தல். பந்தலுக்குத் தனி வரி இருந்தது. "திறந்ததுக்கு அப்புறம் யார் துடைப்பாங்க, மோட்டார் போனா யார் மாத்துவாங்க?" என்று கேட்டேன். பொறியாளர் நல்ல மனுஷர். வருத்தத்தோடுதான் சொன்னார்: "அதுக்கு ஹெட் ஆஃப் அக்கவுண்ட் இல்லைங்க சார்." அந்தச் சிற்பம் இப்போது போஸ்டர் ஒட்டுகிற இடம். நீரூற்றுத் தொட்டியில் பிளாஸ்டிக் தம்ளர்கள் கிடக்கின்றன. அந்த ஒரு பதில் என்னை இத்தனை வருஷமாக யோசிக்க வைத்திருக்கிறது.

பொது இடத்தில் கலை வைப்பதற்கு உலகத்தில் வழிமுறைகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம் 1959ஆம் ஆண்டு மறுசீரமைப்புக் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் கலைக்கு என்று விதி செய்தது. பல நகரங்கள் பிறகு அதைப் பின்பற்றின. டெல்லிக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகர்ப்புறக் கலை ஆணையம் வந்தது. ஃபிலடெல்ஃபியா விதி வந்த அதே 1959இல்தான் நம் மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை எழுந்தது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரை நெடுக ஒரு வரிசைச் சிலைகள். அவற்றில் கண்ணகி 2001இல் அகற்றப்பட்டு 2006இல் திரும்ப வந்தாள். வைப்பதும் எடுப்பதும் அரசாணை. கடற்கரையில் காற்று வாங்க வருகிறவனை யாரும் கேட்பதில்லை.

இதில் சமயம் எங்கே வருகிறது என்று சிலர் கேட்கலாம். தானம் என்றால் கொடுக்கிற கை ஒன்று தெரிய வேண்டும். வரிப்பணத்தில் அந்தக் கை தெரியாது. எல்லோரும் கொடுத்தது யாரும் கொடுக்காதது போல் ஆகிவிடுகிறது. அப்படியானால் ஊர்ப்பணத்தில் செய்த சிலை அறம் ஆகுமா, வெறும் செலவா? தமிழ்க் கல்வெட்டுகளின் கடைசி வரியில் எனக்கு இதற்கு விடை கிடைத்தது. இந்தத் தர்மத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று, கொடுத்தவன் எழுதிவைப்பது பழைய வழக்கம். நிலத்துக்கும் பொன்னுக்கும் உரியவன், இன்னும் பிறக்காத ஒருவன் காலைத் தன் தலையில் தாங்குகிறான். தான் செய்தது பாதிதான், மீதி வரப்போகிறவன் கையில் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கொடுத்த கை தெரியாமல் போனாலும் காக்கிற கை இருக்கிற வரை அது அறம்தான் என்று நான் நம்புகிறேன். மல்லன் விடுமன் அந்தப் பாதத்துக்கு உரியவன்.

கல்லை மட்டும் சொன்னால் போதாது. எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு உண்டு. ஊர் கூடிப் பேசி நாள் குறிக்கும். தலைக்கட்டு வரி போடும். ஊர்ப் பெரியவர்கள் பிடிமண் எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். அதுதான் ஒப்பந்தம், அதுதான் உத்தரவு. வேளார் விரதமிருந்து குதிரை வனைந்து சூளையில் சுடுவார். கண் திறக்கிற வரைக்கும் அது அவர் வீட்டு மண். கண் திறந்த பிறகு ஊரின் சாமி. தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் காட்டில் நிறுத்துவார்கள். பழைய குதிரைகள் கால் உடைந்து, கழுத்து முறிந்து அதே காட்டில் மண்ணாகும். யாரும் சிமெண்ட் பூசி ஒட்டுவதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வரும் என்ற உறுதிதான் அங்கே பராமரிப்பு. கல்லுக்கு நிலம், மண்ணுக்கு மறுபடியும் பிடிமண். பொருள் உருவாகும் முன்பே கடமை யாருடையது என்பது முடிவாகியிருக்கிறது.

ஊர் கூடி முடிவு செய்தால் எல்லாம் நியாயமாக நடக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். மேலமலையிலேயே சமணர் குடகு இருக்கிறது. சமணக் குகையாக இருந்தது 13ஆம் நூற்றாண்டில் திருமால் கோயிலாகியிருக்கிறது. உள்ளே சுவரோடு சுவராக 12 திருமால், ஆளுயரத்தில், சங்கும் சக்கரமுமாக. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அங்கே முன்பு தவமிருந்தவர்களைப் பற்றி அந்தப் பன்னிரண்டு பேரும் எதுவும் சொல்வதில்லை. பெயர் மட்டும் ஜனங்கள் வாயில் தங்கிவிட்டது. காப்பவன் எதைக் காக்கிறான், எதைக் கைவிடுகிறான் என்பதும் அறத்தின் கணக்கில் சேர வேண்டும். குழுவில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: அந்த இடத்தில் ஏற்கெனவே இருப்பது யாருடையது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. அரசமரத்தடிக் கல்லாக இருந்தாலும் சரி, பழ வண்டிக்காரர் நிற்கிற நிழலாக இருந்தாலும் சரி.

இன்றைக்கு நார்த்தாமலைக் கற்றளிகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. பங்குனியில் கீழே முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பூச்சொரியவும் தேர் பார்க்கவும் வருகிற கூட்டத்தில் மேலமலை ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏறுங்கள். பாறையில் பெயர் செதுக்காதீர்கள், குப்பையைக் கையோடு இறக்குங்கள். உங்கள் ஊரில் சிலையோ சுவரோவியமோ வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், திறப்பு விழா எப்போது என்று கேட்கும் முன், திறந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளப் பணம் எந்தக் கணக்கில் ஒதுக்கியிருக்கிறது என்று வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள்.