தும்பி கண்ட நிறம்

கல்வராயன் மலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரக்கிளையைப் பற்றி வளரும் ஆர்க்கிட் வண்டா டெசலேட்டா. மஞ்சளும் பழுப்பும் கட்டங்கட்டமாக ஓடிய இதழ்கள், நீலமேறிய ஊதா உதடு; இதழைத் திருப்பினால் பின்புறம் வெள்ளை. இப்படிச் சொல்வது மனிதக் கண். இத்தகைய பூவைப் புற ஊதா ஒளியிலும் படமெடுக்கும்போது பழைய கேள்வி ஒன்று எழுகிறது: நிறம் பூவில் உள்ளதா, கண்ணில் உள்ளதா?

தருக்க நூலார் பூவில் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம், நிறம் என்பது கண்ணால் மட்டுமே அறியப்படும் குணம் என்கிறது. யாருடைய கண்? தொல்காப்பிய மரபியல் தும்பிக்கு நான்கறிவு தருகிறது, நான்காவது பார்வை. அந்தக் கண்ணையும் சேர்த்தால் வரையறை ஆட்டம் காண்கிறது. மனிதர் காண்பது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. தேனீ காண்பது 300 முதல் 650 வரை. நமக்கு முழு மஞ்சளான சூரியகாந்தி இதழ், புற ஊதாப் படத்தில் அடி கறுத்து நுனி வெளுத்து நிற்கும்.

அந்தப் படம் லேசில் வராது. கேமரா சென்சார் மேலுள்ள வடிகட்டி புற ஊதாவைத் தடுக்கும்; அதைக் கழற்றிவிட்டு, லென்ஸுக்கு முன் புற ஊதாவை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்த வேண்டும். முக்காலியை அசைக்காமல் இரு ஒளியிலும் எடுத்தாலும் ஃபோகஸ் இடம் மாறும். ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கையில் மலைக்காற்றில் பூங்கொத்து ஒருமுறை ஆடினால் போதும், படம் போயிற்று.

இத்தனை பாடுபட்டுக் கிடைப்பதும் தேனீ கண்டதல்ல. புற ஊதாவுக்கு மனிதரிடம் நிறமே இல்லை. படத்திலுள்ள நீலமோ சாம்பலோ படமெடுத்தவர் பூசியது. பூவின் உண்மை முகம் என்று இதற்குத் தலைப்பிடுவது மிகை. தேனீயையும் நடுவராக்க முடியாது. ஆர்க்கிட் இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தேன் தராமலே பூச்சிகளை வரவழைப்பவை. மத்தியதரைக் கடல் நாடுகளின் ஓஃப்ரிஸ், பெண் தேனீயின் வடிவும் மணமும் காட்டி ஆணை ஏய்க்கிறது. கூடுதலாகப் பார்ப்பவரும் ஏமாறலாம்.

இப்படிக் குறைபடக் காண்பதற்குச் சமணத்தில் ஒரு சொல் உண்டு: நயம். பொருளை ஒரு பக்கமாக அறிவது நயம். அது பொய்யுமன்று, முழுமையுமன்று. அதையே முழுதென்று பிடிப்பதுதான் பிழை. எல்லாப் பக்கமும் ஒருசேர அறிவது கேவலஞானிக்கே உரியது. இரு ஒளிப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கிடைப்பது மூன்றாவதொரு படம். அப்படிக் காணும் கண் மனிதருக்கும் இல்லை, தேனீக்கும் இல்லை.