துறவியின் வாசலில் கூடும் ஜனங்கள்

உற்றாரையும் உடைமையையும் உதறிவிட்டு எகிப்தின் பாலைவனத்துக்குப் போன நான்காம் நூற்றாண்டுத் துறவிகள், பசியோடும் காமத்தோடும் பொருளாசையோடும் போராடி ஒருவாறு ஜெயம் பெற்ற பிறகு, அந்த ஜெயத்தையே ஆகாரமாகக் கொண்டு வளரும் வேறொரு சத்துருவைத் தங்கள் குடிலுக்குள்ளேயே கண்டார்கள். மற்றத் துர்க்குணங்கள் தோல்வியில் மெலியும். வீண்புகழ் ஒன்றுதான் தன்னை வென்றவனுடைய வெற்றியையும் தனக்கு உரமாக்கிக்கொள்ளும். இதை அவர்களுள் எவாக்ரியுஸைப் போல் நுணுகி ஆராய்ந்தவர் வேறு எவரும் இல்லை என்பேன்.

நசியான்சு கிரகோரியாரால் தியாக்கோனாக அபிஷேகம் பெற்று, கான்ஸ்டாண்டிநோபிள் மாநகரில் வாதத்திறமையால் பேரெடுத்து, பின்னர் அந்தப் பேரையும் துறந்து, கெல்லியா என்னும் பாலைவனக் குடியிருப்பில் நெடுங்காலம் தவம் புரிந்து 399இல் மரித்தவர் அவர். மனிதனை அலைக்கழிக்கும் எட்டு நினைவுகளை வரிசைப்படுத்தியவர், வீண்புகழை ஏழாவதாகவும் அகந்தையை எட்டாவதாகவும் வைத்தார். ஏகாந்தத்தில் அமர்ந்திருக்கும் துறவியின் உள்ளத்தில் அந்த ஏழாவது நினைவு எழுதும் நாடகத்தை அவர் வர்ணிக்கிறார்: பேய்கள் அலறி ஓடுகின்றன, நோயுற்றோர் குணமடைகின்றனர், அவனுடைய வஸ்திரத்தைத் தொட ஜனங்கள் நெருக்குகின்றனர், குருப்பட்டம் அவனுக்கே என்று அந்த நினைவு முன்னறிவிக்கிறது, வாசலில் அவனைத் தேடி ஆட்கள் வந்து நிற்கின்றனர், அவன் இசையாவிட்டால் கட்டியேனும் இழுத்துச் செல்கின்றனர். இந்தக் கடைசிக் கட்டத்தை நாம் நின்று நோக்கவேண்டும். அவனுடைய கற்பனையில் அவன் பதவியைக் கேட்கவில்லை, மறுக்கிறான். பதவியாசை தாழ்மையின் வேஷத்தையும் சேர்த்தே கனவு காண்கிறது. மறுத்தவன் என்ற கீர்த்தியும், மறுத்தும் விடாமல் பெற்றவன் என்ற கீர்த்தியும் அதற்கு வேண்டியிருக்கின்றன. கனவு பலியாதபோது மிஞ்சுவது பெருந்துயரம்.

எகிப்தில் இந்த மரபைக் கற்று, பின்னர் மர்சேயில் குடியேறி, ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நூல் எழுதிய யோவான் காசியான் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு சகோதரனைக் காணச் சென்ற முதியவர், உள்ளே பேச்சுக்குரல் கேட்டு வெளியே நின்றார். வேதம் வாசிக்கிறான் போலும் என்று எண்ணினார். கவனித்துக் கேட்டபோதோ, அவன் தனியனாக இருந்துகொண்டே, தான் ஒரு தேவாலயத்தில் நிற்பதாகப் பாவித்து, இல்லாத சபைக்கு உருக்கமாகப் பிரசங்கம் செய்து, அதை முடித்து, ஞானஸ்நானம் பெறாதவர்களை வெளியே அனுப்பும் தியாக்கோனுடைய பணியையும் தானே செய்துகொண்டிருந்தான். கதவைத் தட்டிய முதியவரை அவன் நாணத்துடன் வரவேற்று, வந்து நெடுநேரமாயிற்றோ என்று வினவ, அவர்களை அனுப்பிய வேளையில்தான் வந்தேன் என்றார் அவர். கடிந்து ஒரு சொல் சொல்லாத அந்த முதியவருடைய அன்பை நான் பெரிதும் மதிக்கிறேன். வெங்காயத்தைப் போல், ஒரு தோலை உரித்தால் அடுத்த தோல் இருக்கும் என்று இத்துர்க்குணத்தை மூத்தோர் உவமித்ததையும் காசியான் பதிந்திருக்கிறார். குருப்பட்டம் சூட்டும் ஆயருக்கு எட்டாமல் துறவி ஓடவேண்டும் என்ற மூத்தோர் வாக்கை எழுதிய அவரே, தாம் ஆயர் கைக்குத் தப்பாததையும் நாணத்தோடு ஒப்புக்கொள்கிறார்.

தனிமையிலும் சபையைப் படைத்துக்கொள்ளும் மனத்தைத் தனிமனித முயற்சியால் மட்டும் அடக்குதல் அரிது. ஆறாம் நூற்றாண்டில், நம்மவர் ஆசீர்வாதப்பர் என்று வழங்கும் பெனடிக்ட், ஒழுங்கினால் அதைக் கட்ட முயன்றார். அவருடைய மடத்தில் வரிசை, குலத்தையோ வயதையோ பார்த்து அமைவதில்லை. இரண்டாம் மணி வேளையில் சேர்ந்தவன், யாராயினும், முதல் மணி வேளையில் சேர்ந்தவனுக்கு இளையவன். சமையலறைப் பணி வாரமுறையாகச் சுற்றி வரும். வார இறுதியில் பணி முடிப்பவனும் தொடங்குபவனும் எல்லாருடைய பாதங்களையும் கழுவவேண்டும். கைத்தொழில் வல்லவன் ஒருவன், தன்னால் மடத்துக்கு ஆதாயம் உண்டென்று இறுமாந்தால், அந்தத் தொழிலிலிருந்தே அவன் நீக்கப்படுவான்; அவன் தாழ்மையடைந்தபின் மடாதிபதி மீண்டும் கட்டளையிட்டால் ஒழிய அதில் கைவைக்கலாகாது. நல்ல தச்சனையும் நல்ல எழுத்தனையும் இழப்பது மடத்துக்கு நஷ்டமே. அந்த நஷ்டத்தை அறிந்தே, ஒரு ஆத்துமாவின் விலை அதனினும் பெரிது என்று துணிந்த விதியாக இதை நான் கொள்கிறேன். வருமானத்தைப் பெருக்குகிறவனிடமும், கூட்டத்தைச் சேர்க்கிறவனிடமும் எதையும் சகித்துக்கொள்ளும் சமய நிறுவனங்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அவற்றில் இந்த ஒரு விதியை அமல்செய்யும் துணிவு எத்தனைக்கு இருக்கும்?

பெனடிக்டின் மடங்களே அதில் தவறின. நிலபுலன்கள் பெருகின, மடாதிபதிகள் பிரபுக்களாயினர், ஆயருக்குரிய மகுடத்தையும் மோதிரத்தையும் ரோமாபுரியிடம் கேட்டுப் பெற்றனர். பழைய ஒழுங்குக்கே திரும்பவேண்டுமென்று 1098இல் சீத்தோவில் புதிய மடம் எழுந்தது. அதன் வழிவந்த பெர்நர்து, அந்த அணிகளை நாடிய மடாதிபதிகளைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பிற்காலத்தில் சீத்தோவின் மடாதிபதிகளும் அந்த மகுடத்தை அணிந்தார்கள்.