மடுவைக் கெடுத்தவர் யார்?

ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் காளியனுடைய வரலாறு வருகிறது. யமுனையின் ஒரு மடுவில் அந்த நாகம் குடிபுகுந்தது. அதன் நஞ்சினால் நீர் கொதித்தது. மேலே பறந்த பறவைகள் மாண்டு வீழ்ந்தன. கரையிலிருந்த மரஞ்செடிகள் கருகின. அந்நீரை அருந்திய ஆநிரையும் ஆயர் சிறுவரும் உயிரற்று வீழ, கண்ணபிரான் தன் கடைக்கண் நோக்கினால் அவர்களை எழுப்பினான். பின்னர் மடுவில் குதித்து, நாகத்தின் படங்கள்மீது நடனமாடி அதனை அடக்கினான்.

இவ்வரலாற்றில் ஐயத்துக்கு இடமில்லை. நீர் கெட்டது, கெடுத்தவன் ஒருவன், அவன் அகன்றான், நீர் தெளிந்தது. ஆயின், கெடுத்தவன் ஒருவனாக இராமல் பல்லாயிரவராக இருப்பின்? அவருள் எவர் கையிலும் நஞ்சென்று சொல்லத்தக்க பொருள் இல்லையெனின்? அப்பொழுது குற்றவாளி யார்? இக்காலத்து நீர்நிலைகள் யாவும் எழுப்புகின்ற இவ்வினாவுக்கு விடை காண, தொலைதூரத்து ஏரியொன்றில் நிகழ்ந்ததை நோக்குதல் தகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் கனடாவுக்கும் உரிய ஐம்பெரும் ஏரிகளுள் ஆழத்தில் குறைந்தது ஈரி ஏரி. அதன் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் சுமார் 7 மீட்டரே. 1960-களில் அவ்வேரி இறந்துவிட்டதென்றே பலரும் பேசலாயினர். நகரங்களின் சாக்கடை நீரும், அதனோடு கலந்த சலவைத் தூளும் சுமந்து வந்த பாஸ்பரஸ் என்னும் சத்தே அதற்குத் தலையாய காரணம்.

பாஸ்பரஸ் நஞ்சன்று. பயிர் வளர்வதற்கு அது இன்றியமையாத உணவு. நிலத்தில் நெல்லுக்கும் சோளத்துக்கும் உணவாவது போலவே நீரில் பாசிக்கும் அது உணவாகிறது. மிகுந்த உணவால் மிகுந்து வளரும் பாசி, மடிந்து அடியில் படிகிறது. அதனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உண்டு தீர்த்துவிடுகின்றன. மீன்கள் நஞ்சுண்டு மடிவதில்லை. மூச்சுக்கு வழியின்றி மடிகின்றன. ஈரி ஏரியின் அடிச்சேற்றில் புழுவாக வளர்ந்து, சிறகு முளைத்து, கோடைதோறும் திரள்திரளாக எழுந்துவந்த ஒருவகைப் பூச்சி, 1950-களில் அதன் மேற்குப் பகுதியினின்றும் ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

1972-ஆம் ஆண்டில் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் பெருகின. சலவைத் தூளில் பாஸ்பேட்டின் அளவு குறைக்கப்பட்டது. ஏரி தெளிந்தது. மறைந்த பூச்சியினம் 1990-களில் மீண்டும் எழுந்து பறந்தது. குழாயின் வாயிலாக வந்த காளியனைக் கண்டறிந்து அடக்கினர் எனலாம்.

ஆனால், அதே பதிற்றாண்டின் நடுவிலிருந்து பாசியும் மீளத் தலைகாட்டியது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், ஏரிக்கரையிலுள்ள டொலிடோ நகரத்தில் குழாய்நீரைப் பருகலாகாது என்று அறிவிக்கப்பட்டது. நீலப்பச்சைப் பாசி உமிழ்ந்த நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது. காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், கடல்போன்ற ஏரியின் கரையில் இருந்தும், குடிக்க நீரின்றித் தவித்தனர்.

இம்முறை கெடுத்தவர் யார்? மாமி என்னும் ஆறு அவ்வேரியின் மேற்குக் கோடியில் கலக்கிறது. அதன் வடிநிலத்தில் பெரும்பகுதி விளைநிலம். வசந்தகால மழை வயல்களைக் கழுவி, எருவிலும் உரத்திலும் எஞ்சியதை ஆற்றில் சேர்க்கிறது. முற்காலத்தில் அவ்வழியில் வடிகட்டிபோல் கிடந்த பெருஞ்சதுப்பு நிலத்தையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே வடித்து வயலாக்கிவிட்டனர். ஓர் ஏக்கரிலிருந்து ஓராண்டில் ஆற்றுக்குப் போகும் பாஸ்பரஸ் சராசரியாக ஒரு கிலோவைக்கூட எட்டாது. அங்குள்ள உழவன் தீயவன் அல்லன், உலகுக்கு உணவளிப்பவன். “என் நிலத்துப் பிடியளவு நின்றாலும் ஏரி பாசி பிடிக்கவே செய்யும்; யான் எவருக்கும் தீங்கு எண்ணவில்லை” என்று அவன் கூறினால், இரண்டும் உண்மையே.

எனினும், இவ்விரண்டு உண்மைகளையும் ஒவ்வொருவரும் கூறிக்கொண்டிருக்கும்பொழுதே ஏரி மூச்சடைத்துப் போகிறது. அவரவர் பிடியைத் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் தராசு மனிதனுடையது. மீனுக்கு அத்தராசு இல்லை. அதனிடம் வந்து சேர்வது மொத்தம் ஒன்றே. ஆகவே, “என் பங்கு எவ்வளவு?” என்று கேட்பதோடு அமையாமல், “எல்லோரும் இவ்வாறே செய்தால் நீர் என்னாகும்?” என்று கேட்பதே நீருக்கு நீதி செய்வதாகும்.

தீங்கு எண்ணவில்லை என்னும் மறுமொழிக்கோ, காளியன் வரலாற்றிலேயே விடை உண்டு. அடங்கிய நாகம், நஞ்சுடைமை தன் பிறவிக் குணம் என்றும், அதனைப் படைத்தவனும் பகவானே என்றும் விண்ணப்பித்தது. பகவான் அதனைக் கொல்லவில்லை. மடுவில் இருக்கவும் விடவில்லை. கடலுக்குச் செல்லுமாறு பணித்தான். குற்றம் வேறு, கடமை வேறு என்பது இதனால் விளங்கும். தண்டனைக்கு உரியவன் அல்லன் என்பதனாலேயே ஒருவன் நீரைக் கெடுத்துக்கொண்டிருக்க உரிமை பெற்றவன் ஆகான். மேலும், பாம்பு தன் இயல்பை மாற்ற இயலாமையால் இடம் மாறிற்று. மனிதனோ இடம் பெயர வேண்டுவதில்லை. செய்கையை மாற்றினால் போதும். மண்ணுக்கு வேண்டிய அளவே உரமிடுதல், பெருமழைக்கு முன்னே இடாதிருத்தல், வயலுக்கும் வாய்க்காலுக்கும் இடையே புல்வரம்பு விடுதல் ஆகிய எளிய செயல்களே அவ்வேரிக்கு மருந்து. பாஸ்பரஸ் வரத்தை 2008-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பதென 2016-இல் இரு நாடுகளும் இலக்கு வகுத்தன. அதற்குச் சட்டத்தோடு ஒவ்வோர் உழவனின் மனமும் வேண்டும்.

இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. காளியன் நீங்கிய அதே யமுனை இன்று தில்லி நகரில் சுமார் 22 கிலோமீட்டர் தூரம் கழிவு சுமந்து, வெண்ணுரை பொங்கி, அதன் பின்னரே பிருந்தாவனம் சேர்கிறது. அந்நுரையின் ஒரு கூறு, வீடுதோறும் துணி வெளுத்த சவுக்கார நீர்.

திருவிழாவுக்கு வரும் அடியார்க்கும் திருக்குளம் இவ்வினாவையே எழுப்புகிறது. படியில் அமர்ந்து தேய்க்கும் ஒரு சோப்பு சிறிது. மீனுக்கு அன்போடு இடும் ஒரு பிடிப் பொரி புண்ணியம். ஆனால் குளத்து நீர் ஓடும் நீரன்று. ஆயிரம் பிடி விழுமாயின், மீன் உண்டு எஞ்சியது அழுகி, அம்மீனின் மூச்சுக்காற்றையே குடித்துவிடும். மறுநாள் வைகறையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிப்பது பொரிக்காக அன்று, பிராணவாயுவுக்காக. ஆதலின், முன்னே பலர் இட்டது மிதக்கக் காணும் அன்பர், தம் கையிலுள்ளதைக் கரையிலேயே நிறுத்திக்கொள்வாராக. இடும் கை மட்டுமன்று, அறிந்து நிறுத்தும் கையும் கைங்கரியம் செய்யும் கையே.