பேசியபடியே கேட்கும் செவி

‘கைபேசி’ என்னும் பெயர் அக்கருவியின் பாதித் தொழிலையே சொல்கிறது. பேசுதல் பெயரில் உண்டு, கேட்டல் இல்லை. அலையைப் பரப்பும் உறுப்பு அலைபரப்பி, அதை வாங்கும் உறுப்பு அலையேற்பி. பரப்புதல் என்பது விரித்து விடுதல். ஏற்றல் என்பதிலோ வாங்குவோனின் தகுதியும் அடங்கியிருக்கிறது. அத்தகுதியை அளப்பது எப்படி என்பதே இங்கு நாம் காண வேண்டியது.

முதலில் பேச்சு. நான்காம் தலைமுறைக் கைபேசிக்கு 3ஜிபிபி என்னும் அமைப்பின் தரநிலை வகுத்த வழக்கமான உச்சத் திறன் 0.2 வாட், இரண்டு டெசிபெல் ஏற்ற இறக்கம் பொறுக்கப்படும். உரக்கப் பேசினால் மட்டும் தேர்ச்சி இல்லை. கோபுரத்தின் அருகே இருக்கும் கைபேசி, ஆணை வந்ததும் 0.1 மைக்ரோவாட் வரையேனும் தணிய வேண்டும். தணியாவிட்டால் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல்கள் அதனடியில் அமிழ்ந்துவிடும்.

அடுத்தது திருத்தம். அனுப்பப்படும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய புள்ளி ஒன்று உண்டு. அதிலிருந்து அலை விலகும் அளவே பிழை. ஒரு குறியீட்டில் இரண்டு பிட்டுகள் செல்லும்போது 17.5 விழுக்காடு வரை பொறுக்கலாம். ஆறு பிட்டுகளை நெருக்கி அடுக்கினால் 8 விழுக்காடுதான். அண்டை அலைவரிசைக்குள் கசியும் ஆற்றலும் தன் வரிசையில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

இனிச் செவி. ‘இரைச்சல்’, ‘குறுக்கீடு’ இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை. குறுக்கீடு பிறர் அலையிலிருந்து வருவது. அதற்கு மூலமும் உருவும் உண்டு. இரைச்சல் வெப்பத்தின் இயல்பு. மின்னணுக்களின் ஓயாத அசைவிலிருந்து எழுவதால் அதை எந்தச் சுவராலும் தடுக்க இயலாது. 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வரிசையில் அந்த இரைச்சலை ஒட்டியே அலையேற்பி வேலை செய்தாக வேண்டும். 2100 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அதற்கு விதிக்கப்பட்ட எல்லை ஏறத்தாழ 0.2 பிக்கோவாட். சோதனையாளர் கைபேசியைக் கவசப் பெட்டிக்குள் வைத்து, கோபுரம்போல் இயங்கும் கருவியுடன் கம்பியால் இணைத்து, அலையை அந்த அளவுக்கு மெலிவிப்பார். அப்போதும் அச்சோதனைக்கென வகுத்த உச்ச வேகத்தில் 95 விழுக்காடேனும் தரவு பிழையின்றி வந்து சேர வேண்டும்.

இச்சோதனையின் உயிர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இப்பட்டையில் கைபேசி அனுப்புவதும் வாங்குவதும் ஒரே நேரத்தில். ஆகவே செவியை அளக்கும்போது அலைபரப்பி உச்சத் திறனில் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. 0.2 வாட்டுக்கும் 0.2 பிக்கோவாட்டுக்கும் இடைவெளி ஒரு லட்சம் கோடி மடங்கு. இரண்டும் ஒரே ஆன்டெனா வழியே செல்வனவாகவும் இருக்கலாம். அனுப்பும் அலை 1920 முதல் 1980 மெகாஹெர்ட்ஸ் வரை, வாங்கும் அலை 2110 முதல் 2170 வரை. இந்த இடைவெளியைப் பற்றிக்கொண்டு டியூப்ளெக்சர் என்னும் இரட்டை வடிகட்டி அவற்றைப் பிரிக்கிறது. அது சற்றே பழுதானாலும் கருவியின் சொந்தக் குரலே அதன் செவியை அடைத்துவிடும். பேச்சை நிறுத்திவிட்டுச் செவியை மட்டும் அளந்தால் அக்குறை வெளிப்படாது என்பதால், இந்த ஒரு விதியை மற்ற எல்லாவற்றிலும் மேலாக நான் மதிக்கிறேன்.

கம்பி வழி அளவையில் ஆன்டெனா விடுபட்டுப் போகிறது. அதனால் எதிரொலியற்ற அறையில், செயற்கைத் தலையும் கையும் பொருத்தி, எல்லாத் திசைகளிலும் மீண்டும் அளக்கிறார்கள். ஒரு கைபேசியின் உணர்திறன் இன்ன அளவு என்று எவரேனும் எண் ஒன்றைச் சொன்னால், அளந்தது கம்பி வழியா வெளி வழியா, அப்போது அலைபரப்பி எத்திறனில் இயங்கியது என்ற இரண்டையும் கேளுங்கள்.