ஒரு செமஸ்டர் படிக்க ஜப்பான் போகும் பிள்ளைக்கும் அனுப்பும் பெற்றோருக்கும் - ஜும்ஆ பயான்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

  தக்வாவைக் கொண்டு எனக்கும் உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக ஆரம்பிக்கிறேன்.

நம் மஹல்லாவில் முன்பெல்லாம் வெளிநாடு என்றால் சவூதி, துபாய், குவைத், மலேசியா, சிங்கப்பூர். போனவர் சம்பாதிக்கப் போனார். இப்போது பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். அதிலும் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். இங்குள்ள கல்லூரியும் அங்குள்ள பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, இந்தப் பிள்ளை ஒரு செமஸ்டரோ இரண்டு செமஸ்டரோ அங்கே போய்ப் படித்துவிட்டுத் திரும்புகிறான். அங்கே எடுத்த மார்க்கு இங்கே கணக்கில் சேர்கிறது. இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஜப்பானில் இடம் கிடைத்திருக்கிறது என்று அவனுடைய அத்தா என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், அனுப்பலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லிருங்க" என்றார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததால்தான் இன்றைய பயானை இதற்கே எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்து கொள்வோம். கிழக்கே படிக்கப் போகும் பேச்சு வந்தாலே, கல்வியைத் தேடிச் சீனாவரை போகச் சொல்லும் வாசகத்தை ஹதீஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். கல்யாண மேடையிலும் சொல்கிறார்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் சொல்கிறார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர்கள் பலவீனமானவை என்று இமாம் பைஹகீ (ரஹ்) சொன்னார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களோ இட்டுக்கட்டப்பட்டவற்றைத் தொகுத்த தமது நூலிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக உறுதியாகத் தெரியாத ஒன்றை அவர்கள் பெயரில் சொல்ல நமக்கு உரிமையில்லை. அது நமக்குத் தேவையும் இல்லை. கல்வியைத் தேடி ஒருவர் ஒரு பாதையில் நடந்தால், அல்லாஹ் அவருக்குச் சொர்க்கத்தின் பாதையை இலேசாக்குகிறான் என்ற கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் (2699) இருக்கிறது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாமுக்குப் போனார்கள். இதைச் சொல்லுங்கள் பிள்ளைகளிடம்.

சரி, பணத்துக்கு வருவோம். வீட்டில் முதலில் இதைத்தான் பேசுவீர்கள்.

இந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மாணவன் இங்குள்ள கல்லூரிக்கே ஃபீஸ் கட்டுகிறான், அங்கே தனியாக ஃபீஸ் கிடையாது. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு மட்டும் நம் பொறுப்பு. ஜாஸோ என்ற ஜப்பானிய அரசுசார் நிறுவனம் இப்படி வரும் மாணவர்களில் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு மாதம் 80,000 யென் அளவில் உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? பேங்கில் எஜுகேஷன் லோன் என்று ஒருவர் சொல்வார், நகையை அடகு வை என்று இன்னொருவர் சொல்வார். சகோதரர்களே, சூரத்துல் பகராவின் 275 முதல் 279 வரையுள்ள வசனங்களை இன்று வீட்டில் உட்கார்ந்து தர்ஜுமாவோடு ஓதிப் பாருங்கள். வட்டியை விடாதவர்களோடு அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவிப்பதாக வரும் இடம் அது. பிள்ளை ஒரு செமஸ்டர் ஜப்பான் போகாவிட்டால் அவன் படிப்பு நின்றுவிடாது, இங்கேயே டிகிரி முடிப்பான். அப்படியிருக்க இதை நிர்ப்பந்தம் என்று சொல்லி வட்டிக்கு வாசல் திறக்க முடியாது. வசதி படைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: கல்யாண மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறோமே, தகுதியுள்ள ஒரு பிள்ளைக்கு கர்ளன் ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாக, எழுத்து சாட்சியோடு கொடுங்கள். எழுதச் சொன்னவனும் அல்லாஹ்தான், அதே பகரா 282-ஆம் வசனத்தில்.

செலவை அங்கே பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான் என்று கணக்குப் போடாதீர்கள். மாணவர் விசாவில் போகிறவன் தனியாக அனுமதி வாங்கித்தான் வேலை செய்யலாம். அதுவும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். மொழி தெரியாத பிள்ளைக்கு எளிதில் கிடைப்பது எது? ஹோட்டலில் தட்டு கழுவுவது, இருபத்து நான்கு மணி நேரக் கடையில் கல்லாவில் நிற்பது. அந்தக் கடையில் பீர் இருக்கும். இஸகாயா என்று சொல்லும் ஹோட்டல்களில் பாதி வியாபாரமே மதுதான். மது சம்பந்தமாகச் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் அதைச் சுமப்பவரும் ஊற்றிக் கொடுப்பவரும் விற்பவரும் உண்டு (திர்மிதீ 1295). அறியாத ஊரில், கையில் காசில்லாமல், வாடகை நாள் நெருங்கும்போது இருபது வயதுப் பிள்ளை அந்தக் கல்லாவில் நின்றுவிடுவான். அவனை அங்கே நிறுத்தியது நீங்கள் இங்கே தப்பாகப் போட்ட கணக்கு. அந்த 28 மணி நேரமும் விளையாட்டல்ல. விசா ஓர் ஒப்பந்தம். முஸ்லிம்கள் தாங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளில் நிற்க வேண்டியவர்கள். அதை மீறினால் விசா ரத்தாகி ஊர் திரும்பும் நிலை வரலாம். அடுத்த வருடம் அதே கல்லூரியிலிருந்து போக வேண்டிய பிள்ளையின் இடத்துக்கும் அதனால் ஆபத்து.

இனி தொழுகை. தம்பிமார்களே, இது உங்களுக்கு.

"பயணத்தில்தானே இருக்கிறேன், ஆறு மாதமும் கஸ்ர் செய்துகொள்கிறேன்" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நம் இரண்டு மத்ஹபுகளிலும் இல்லை. போன இடத்தில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தாலே ஷாஃபியீ மத்ஹபில் அவர் முகீம், அதாவது ஊரில் தங்கியவர். ஹனஃபீ மத்ஹபில் பதினைந்து நாட்கள். ஆறு மாதத்துக்கு ஹாஸ்டல் எடுத்துவிட்டுப் போகிறவர் விமானத்தில் பயணி, போகும் வழியில் பயணி. ஹாஸ்டல் சாவியை வாங்கியபின் முகீம். நான்கு ரக்அத் நான்கு ரக்அத்துதான். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்ற சலுகையும் அதோடு முடிந்தது.

நேரம் நம் ஊர்போல இருக்காது. டோக்கியோவில் ஜூன் மாதம் காலை 4:30-க்கு முன்பே சூரியன் உதித்துவிடும். பஜ்ருடைய நேரம் எப்போது ஆரம்பிக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே மஃரிப் வந்துவிடும். அஸரும் மஃரிபும் வகுப்புக்குள்ளேயே வரும். ஆனால் ஒரு நிஃமத்தைப் பாருங்கள். டோக்கியோவில் வருடம் முழுவதும் பன்னிரண்டு மணிக்கு முன்பே லுஹர் நேரம் வந்துவிடுகிறது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் சாப்பாட்டு இடைவேளை பன்னிரண்டு மணியை ஒட்டித்தான். மனம் இருந்தால் தினமும் லுஹரை நிம்மதியாகத் தொழலாம். முதல் வாரத்திலேயே பேராசிரியரிடமோ வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலோ போய், "ஐந்து நிமிடம் தொழ ஓர் ஓரமான அறை கிடைக்குமா" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்காமலேயே "அங்கே வசதி இல்லை" என்று அத்தாவிடம் போனில் சொல்லாதீர்கள்.

ஒளூ விஷயத்தில் ஓர் அதபு. கழிவறையில் கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவினால் பார்ப்பவர் முகம் சுளிப்பார். தரையெல்லாம் தண்ணீர். அந்த நாட்டில் சுத்தம் என்பது தரையை உலர வைப்பதும்தான். காலையில் ஹாஸ்டலிலேயே முழு ஒளூ செய்து குஃப்பு, அதாவது தோல் காலுறை, அணிந்துகொண்டால் முகீமுக்கு ஒரு பகல் ஓர் இரவு அதன் மேல் மஸஹ் செய்யலாம். குளிர்காலத்தில் இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். மதரஸாவில் இந்தப் பாடத்தை வாசித்தபோது, நம் ஊர் வெயிலில் இது யாருக்குத் தேவைப்படும் என்று நாங்கள் சிரித்ததுண்டு.

ஜும்ஆவுக்குப் பள்ளி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. கோபே நகரத்துப் பள்ளிவாசல் 1935-இல் கட்டப்பட்டது. அதற்குப் பொருள் கொடுத்தவர்களில் இந்தியாவிலிருந்து போய் அங்கே வியாபாரம் செய்த முஸ்லிம்களும் உண்டு. 1945-இல் குண்டுவீச்சில் ஊரே எரிந்தது, 1995-இல் பூகம்பம் வந்தது. அந்தப் பள்ளி இன்றும் நிற்கிறது. டோக்கியோவில் தாத்தாரிய முஸ்லிம்கள் 1938-இல் கட்டிய பள்ளி பழுதாகி இடிக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு புதிதாகத் திறக்கப்பட்டது. ஃபுகுவோகாவில் 2009-இல் திறந்த பள்ளிக்குப் பின்னால் கியூஷு பல்கலைக்கழகத்தின் முஸ்லிம் மாணவர்கள் இருந்தார்கள். உங்களைப் போலப் படிக்கப் போனவர்கள்தான். ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் பள்ளி எத்தனை ஸ்டேஷன் தூரம் என்று பாருங்கள். லேப் எப்படி, ரேங்க் எப்படி என்று பத்துத் தடவை பார்க்கிறீர்களே.

உணவில் ஏமாறும் இடம் இறைச்சி மட்டுமல்ல. மீன்தானே என்று எடுத்தால் அதன் குழம்பில் மிரின் இருக்கும், அது அரிசி மதுவிலிருந்து வரும் இனிப்புச் சாறு. நூடுல்ஸில் இறைச்சித் துண்டு இல்லாவிட்டாலும் சாறு பன்றி எலும்பில் காய்ச்சியது. ஃபுகுவோகா பக்கம் அதற்கே பேர் போனது. ரொட்டியில் சேர்க்கும் கொழுப்பும் கேட்டுப் பார்க்க வேண்டியது. பன்றியைக் குறிக்கும் எழுத்து, மதுவைக் குறிக்கும் எழுத்து, இந்த இரண்டையும் விமானம் ஏறும் முன் கற்றுக்கொள்ளுங்கள். டோக்கியோ, கியோட்டோ போன்ற சில பல்கலைக்கழகக் கேன்டீன்களில் ஹலால் உணவும் உண்டு. அதைவிட, போகும் முன் அம்மாவிடம் சோறு வடிக்கவும் பருப்பு கடையவும் ஒரு மாதம் பழகுங்கள். இருபது வயதில் ஒரு முட்டை பொரிக்கத் தெரியாத ஆம்பளைப் பிள்ளையை வளர்ப்பது பாசமல்ல.

லேபில், கிளப்பில் சேர்ந்து குடிக்கும் விருந்துகள் நடக்கும். கூப்பிடுவார்கள், மரியாதைக்காகத்தான் கூப்பிடுவார்கள். ஹபஷா நாட்டில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் மன்னர் நஜ்ஜாஷியின் சபையில் நின்றதை நினைவுகொள்ளுங்கள். கிறிஸ்தவ மன்னர் முன்னிலையில், ஈஸா (அலை) அவர்களைப் பற்றியே கேள்வி வந்தது. உண்மையைச் சொன்னால் அடைக்கலம் போய்விடுமோ என்ற நிலை. மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் உண்மையைக் குறைக்கவில்லை. நீங்களும் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள். "எங்கள் மார்க்கத்தில் இது இல்லை, அந்த மேஜைக்கு நான் வருவதில்லை, ஞாயிற்றுக்கிழமை என் அறைக்குச் சாப்பிட வாருங்கள்" என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை வேறொன்று. ஓர் அடியான் நோயுற்றால் அல்லது பயணம் போனால், ஊரில் சுகமாக இருந்தபோது செய்துவந்த அமல்களுக்குரிய கூலி அவனுக்கு எழுதப்படும் என்ற கருத்து புகாரியில் (2996) வருகிறது. எவ்வளவு பெரிய சலுகை! ஆனால் பெற்றோரே, ஊரில் இருந்தபோது அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? பஜ்ருக்கு எழுப்பினீர்களா? எழுதுவதற்கு ஏதாவது இருந்தால்தானே எழுதுவார்கள். அங்கே போய்க் கெட்டுவிடுவானோ என்று பயப்படுகிறவர், இங்கே தன் வீட்டு மாடியில் அவன் தொழாமல் தூங்கியபோது பயப்பட்டிருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மஹ்ரம் துணையில்லாத நெடும்பயணத்தை நம் இமாம்கள் அனுமதிக்கவில்லை. கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்கள் கூட்டத்தோடு போவதை ஷாஃபியீ மத்ஹபில் ஏற்றார்கள். அதை வைத்து இக்காலத்து ஆலிம்கள் சிலர், பாதுகாப்பு உறுதியானால் படிப்புக்கும் போகலாம் என்கிறார்கள். நான் முந்தியதையே சொல்வேன். ஆனால் மகளுக்கு இத்தனை கேள்வி கேட்டுவிட்டு மகனை ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்புகிறவரின் நியாயம் எனக்குப் புரியவில்லை. ஹராமான பார்வை இருவருக்கும் ஹராம்தான்.

மூஸா (அலை) அவர்கள் ஹிள்ரு (அலை) அவர்களைத் தேடிப் போன சம்பவம் கஹ்ஃபு சூராவில் 60-ஆம் வசனத்திலிருந்து வருகிறது. வெள்ளிதோறும் ஓதுகிறோம். நபியாக இருந்தும் மாணவராகப் போனார்கள். கட்டுச்சோறு எடுத்துப் போனார்கள், களைத்தார்கள், பசித்தார்கள். ஆசிரியர் போட்ட நிபந்தனையை ஒப்புக்கொண்டார்கள். ஓர் ஊரில் சாப்பாடு கேட்டு அந்த ஊரார் மறுத்தார்கள். அதே ஊரில் விழ இருந்த ஒரு சுவரை ஹிள்ரு (அலை) கூலியில்லாமல் நிமிர்த்திவிட்டார்கள். உங்களை யாரும் விருந்துக்கு அழைக்காத ஊரிலும் குப்பையை அவர்கள் சொன்ன நாளில், அவர்கள் சொன்ன விதத்தில் பிரித்துப் போடுங்கள். இரவில் சத்தம் போடாதீர்கள். அண்டை வீட்டார் உரிமை முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு மட்டுமானதல்ல.

மவ்த்து வயது பார்ப்பதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் இருப்பவர் வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிக்கக்கூடாது என்பது புகாரியில் (2738) உள்ள கருத்து. ஜப்பானில் ஏறக்குறைய எல்லா ஜனாஸாக்களும் எரிக்கப்படுகின்றன. முஸ்லிம்களுக்கான கப்ருஸ்தான்கள் மிகச் சில. ஆகவே நம் பிள்ளை, தனக்கு ஏதும் நேர்ந்தால் எரிக்கக்கூடாது என்றும், எந்தப் பள்ளியைத் தொடர்புகொள்ள வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் அங்குள்ள தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேருவது சட்டப்படி கட்டாயம். அதில் பொதுவாக மருத்துவச் செலவில் 70 சதவீதம் போக, மீதி 30 சதவீதம்தான் நாம் கொடுப்பது. காசு மிச்சம் என்று அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

பயணம் வேதனையில் ஒரு பங்கு, தேவை முடிந்ததும் வீட்டாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள் (புகாரி 1804). ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பு தம்பி. இங்கே ஜப்பான் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் பின்னால்தான். உன் அம்மா இஷா முடித்து போனைக் கையில் வைத்துக் காத்திருக்கும்போது உனக்கு நள்ளிரவு. அதற்கு முன்பே நீயாக ஒரு நேரம் வைத்துக் கூப்பிடு. பெற்றோர் பிள்ளைக்காகக் கேட்கும் துஆவும் பயணியின் துஆவும் மறுக்கப்படாதவை. இரண்டு பக்கமும் கேளுங்கள்.

யா அல்லாஹ், கல்வியைத் தேடிப் போகும் எங்கள் பிள்ளைகளின் ஈமானையும் உடலையும் பாதுகாத்து, ஹலாலான உணவைக் கொடுத்து, எங்கள் கண்குளிரத் திருப்பிக் கொண்டுவருவாயாக. ஆமீன்.

இந்த வருடம் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இருந்தால், அத்தாவையும் கூட்டிக்கொண்டு ஞாயிறு அஸருக்குப் பின் பள்ளிக்கு வாருங்கள். செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்து வரவும். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.