மலிவுக் கட்டணமும் வாணிக அறமும்

மலிவுக் கட்டண விமானத்தில் ஏறுபவருக்கு இருக்கையின் நெருக்கம் தெரியும், பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பதும் தெரியும். விமானத்தைக் கடைசியாக எப்போது, எவ்வளவு கவனமாகப் பழுதுபார்த்தார்கள் என்பது தெரியாது. செலவைக் குறைக்கும் நிறுவனம் பாதுகாப்பிலும் கைவைக்கிறதா என்ற கேள்வி அறவியலுக்குள் வருவது இதனால்தான்.

பினாங்குத் தமிழருக்கு மலிவுப் பயணம் புதிதன்று. 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. காசு குறைந்தவர்கள் தளத்தில் பாய் விரித்தார்கள். வசதியுள்ளவர்கள் அறையில் படுத்தார்கள். ஆனால் அடியில் ஓட்டை விழுந்தால் எல்லோருக்கும் சேர்த்துத்தான். (உயிர்காப்புப் படகில் யாருக்கு முதலிடம் என்பது வேறு கதை.) ஏழையின் பாதுகாப்பை மட்டும் தனியே பிரித்துக் குறைக்க முதலாளிக்கு வழியில்லை. மலிவு விமானத்தில் அந்தக் கூட்டு கிடையாது. கலமே மலிவுக் கட்டணக்காரர்களுக்கென்று ஓடுகிறது.

அதற்காக அதை ஓட்டைக் கலம் என்று சொல்லிவிட முடியாது. 2001இல் டோனி பெர்னாண்டசும் கூட்டாளிகளும் கடனில் மூழ்கிய மலேசிய நிறுவனம் ஏர் ஆசியாவை 1 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினார்கள். அவர்கள் செலவைக் குறைத்த வழிகள் தெரிந்தவை: சாப்பாட்டுக்குத் தனி விலை, இணையத்தில் டிக்கெட், பிற்பாடு குறுந்தூரத் தடங்களுக்கு ஏர்பஸ் ஏ320 என்ற ஒரே ரகம், இறங்கிய விமானத்தை அரை மணிக்குள் மறுபடி ஏற்றுவது. இவற்றில் எதுவும் இறக்கையைத் தொடவில்லை. ஒரே ரகம் என்பதால் பழுதுபார்ப்பவர் கை தேறவும் செய்யும். ஐரோப்பாவில் 1985 முதல் பறக்கும் மலிவு நிறுவனமான ரயன்ஏர் விபத்தில் ஒரு பயணியைக்கூடப் பலிகொடுத்ததில்லை. அரை மணிக் கெடு மட்டும் சற்று உறுத்துகிறது. சந்தேகம் வந்தால் விமானத்தை நிறுத்தும் துணிவு அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

விபத்து நடந்தால் நிறுவனமே அழியும், ஆகவே பாதுகாப்பு லாபமே என்பது வழக்கமான பதில். இம்மானுவேல் காண்ட் 1785இல் இந்தப் பதிலை எடைபோட்டுவிட்டார். விவரமறியாத வாடிக்கையாளரையும் ஏமாற்றாத கடைக்காரர் நல்ல பெயருக்காக அப்படி நடந்தால், அது கடமையிலிருந்து பிறந்த செயல் ஆகாது என்றார். லாபக் கணக்கு பெரிய விபத்துக்கு அஞ்சும். தினம் வந்துபோகும் சிறு பழுதுக்கு அஞ்சாது.

2014 டிசம்பர் 28இல் சுராபாயாவிலிருந்து சிங்கப்பூர் சென்ற இந்தோனேசியா ஏர் ஆசியா விமானம் கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியில் பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. முந்தைய 12 மாதங்களில் அதே கருவி 23 முறை பழுதாகியிருந்ததை விசாரணை அறிக்கை காட்டியது. பழுதைச் சமாளிக்க விமானிகள் எடுத்த நடவடிக்கையும், அதன்பின் விமானத்தைக் கையாண்ட முறையும் காரணங்களில் சேர்ந்தன. இதைக் கஞ்சத்தனம் என்று நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு பழுதும் தனித்தனியே கவனிக்கப்பட்டு, மொத்தத்தை யாரும் பார்க்காமல் போனதுதான் நடந்தது. கட்டணம் மிகுந்த நிறுவனத்திலும் இது நடக்கலாம்.

திருக்குறள் வாணிகர் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில் வைத்தது. பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே அங்கு அளவுகோல். விமானத் தொழிலில் அதன் பொருள், தன் பிள்ளையை ஏற்றத் தயங்கும் விமானத்தில் பிறர் பிள்ளையை ஏற்றாதிருப்பது. அது நிர்வாகத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால்தான் அரசின் மேற்பார்வை வருகிறது. 2019இல் அமெரிக்க விமானத்துறை மலேசியாவின் விமானப் பாதுகாப்புத் தரநிலையைக் குறைத்தபோது குறை கண்டது நிறுவனங்களிடம் அன்று, மேற்பார்வை செய்த ஆணையத்திடம். 2022இல்தான் பழைய தரம் திரும்பியது.