சாவி யாரிடம்?

கடத்தூர் மாதிரிச் சின்ன ஊரில் ஆணின் குடி ஊருக்கே தெரியும். பெண் குடித்தால் வீட்டுக்குள்ளேயே மூடி மறைப்பார்கள். சிகிச்சை முடிந்தவளைச் சிலகாலம் தங்கவைக்க மீட்பு இல்லம் தேடும்போதும், வெளியே தெரியாத இடமா என்பதே முதல் கேள்வி. குடும்ப மானத்தைக் காப்பதற்கும் அவளைக் காப்பதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது: பாதுகாப்பு.

ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலி போட்டதும் பாதுகாப்புக்கு என்றுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது கட்டுண்டவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. மதுவால் வரும் மனப் பாதிப்பும் அதன் வரம்புக்குள் வருகிறது. அந்தரங்கமும், ஏன், மாதவிடாய்க் காலத் தேவைகளும்கூட அதில் உரிமைகள்.

ஆகவே பதிவுச் சான்றைக் கேளுங்கள். இரவில் பெண்கள் பகுதியில் பணியில் இருப்பது பெண்தானா? குளியலறைத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா? யாரும் பக்கத்தில் நிற்காமல் அவள் போன் பேசலாமா? மறுபடி குடித்துவிட்டால் அடிப்பார்களா, இரவோடு இரவாக வெளியே தள்ளுவார்களா, மருத்துவரிடம் கூட்டிப்போவார்களா?

களைத்துப்போன குடும்பம் பூட்டை விரும்புவது எனக்குப் புரிகிறது. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் பூட்டிய அறையில் குடிக்காமல் இருப்பவள் இன்னும் எதையும் தீர்மானிக்கவில்லை. அவளுக்காக மற்றவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். இல்லம் பார்க்கக் கிளம்பும் வண்டியில் அப்பா, அண்ணன், மாமா எல்லோரும் ஏறுகிறார்கள். அங்கே தங்கப்போகிறவளை யாரும் கூப்பிடுவதில்லை.